காண்டாமிருகத்தின் கழுத்துத் துண்டு

ஓபல் ஹென்ட்ரிக்ஸ் தன் வாழ்வில் மூன்று கோடைகாலங்களை ஒரு காண்டாமிருகத்தின் கழுத்துக்காகச் செலவழித்தார். அவரே அப்படித்தான் சொல்வார். அதில் பெருமையும் இருக்காது, குறையும் இருக்காது. தபால் ஆபீஸில் இருந்தேன் என்று ஒருவர் சொல்வதுபோல இருக்கும்.

காண்டாமிருகத்தின் பெயர் கம்ஃபோர்டு. தீயணைப்பு நிலையத் தலைவர். நெருப்பைக் கண்டால் பயம். எழுபதுகளின் நடுவில் சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குத் தொலைக்காட்சியில் வருவார். வாரா வாரம் ஊரில் எங்காவது தீப்பிடிக்கும். கம்ஃபோர்டு எதிர்த் திசையில் ஓடுவார். ஓடுகிற வழியில் தண்ணீர்த் தொட்டி எதிலாவது முட்டி உடைப்பார். தீ அணைந்துவிடும். மேயர் வந்து பதக்கம் குத்துவார். ஊசியைக் கண்டாலும் கம்ஃபோர்டுக்குப் பயம். மூன்று வருடம் இதுதான் கதை. எந்தக் குழந்தையும் புகார் செய்யவில்லை.

காண்டாமிருகத்துக்குக் கழுத்து இல்லை. ஆனால் கார்ட்டூன் கம்பெனிக்குக் கழுத்து வேண்டியிருந்தது. உடம்பை ஒரு கண்ணாடித் தாளில் ஒரே முறை வரைந்து அசையாமல் வைத்துவிட்டு, தலையை மட்டும் தனித் தாள்களில் வரைந்து மேலே மாற்றி மாற்றி வைத்தால் வேலை பாதியாகும். இரண்டும் சேருமிடம் தெரியாமல் இருக்க அங்கே எதையாவது கட்டியாக வேண்டும். அந்தக் காலத்துச் சனிக்கிழமை மிருகங்கள் சட்டையில்லாமல் டை மட்டும் கட்டிக்கொண்டு திரிந்தது அதனால்தான். கம்ஃபோர்டுக்குக் கிடைத்தது மஞ்சள் துண்டு. அது தலையோடு சேர்ந்து ஒவ்வொரு தாளிலும் வரும்.

பர்பாங்கில் ஒரு மர டிப்போவுக்குப் பின்னால் இருந்தது அந்தக் கம்பெனி. நீளமான அறையில் முப்பது பெண்கள். கையில் வெள்ளைப் பருத்தி உறை. தூரிகை பிடிக்கிற விரல்களுக்கு மட்டும் நுனி வெட்டியிருக்கும். கோடுகள் தாளின் முன்பக்கம் இருக்கும், வண்ணம் பின்பக்கம் பூசுவார்கள். ஒரு காட்சிக்கு நாற்பது ஐம்பது தாள் இருந்தால் முதலில் எல்லாவற்றிலும் ஒரே வண்ணம், அது காய்ந்ததும் அடுத்தது. ஓபலுக்குத் துண்டும் கொம்பும். மே மாதம் ஆரம்பித்தால் செப்டம்பரில் வேலை முடியும். குளிர்காலம் முழுக்க வீட்டில். ஏப்ரலில் போன் வந்தால் மறுபடி வேலை, வராவிட்டால் இல்லை.

பூசிய தாள்கள் காமிராவுக்குப் போகுமுன் செலியா உரிபேயின் மேசைக்குப் போகும். செலியா சரிபார்ப்பவர். எங்காவது காது வெள்ளையாக விட்டுப்போயிருந்தாலும், ஆறாவது விரல் முளைத்திருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். சரியாக இருந்தால் சீட்டில் கையெழுத்துப் போடுவார். பூசியவர் பெயர் சீட்டில் வராது. 1976க்குப் பிறகு செலியாவுக்குப் போன் வரவில்லை. இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார்.

இப்போது இருவரும் ஒரே குடியிருப்பில், ஓபல் கீழே, செலியா மேலே. நான் வேலை பார்க்கும் நூலகம் இரண்டு தெரு தள்ளி. வியாழக்கிழமை எனக்கு விடுமுறை என்பதால் இருவரையும் காரில் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போவேன். ஓபல் முன்னால், செலியா பின்னால்.

செலியாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த நிறத்தையும் தானாகச் சொல்ல மாட்டார்.

"ஓபல், இந்தத் தக்காளி பழுத்திருக்கா?"

"பழுத்திருக்கு."

"இந்த மிளகா பச்சையா செவப்பா?"

"பச்சை. நீ என்ன கண்ணு தெரியாதவளா?"

"கிட்டத்தட்ட."

சிக்னலில் கார் நின்றாலும் பின்னாலிருந்து கேட்பார்: "என்ன கலர்?" ஓபல் சொல்வார். கார் ஓட்டுவதைச் செலியா 1977லேயே விட்டுவிட்டார். கண் மருத்துவர்கள் நான்கு பேர் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன தெரியும் என்பது செலியாவின் கருத்து. அவருடைய ஸ்வெட்டர்கூட ஓபல் சொல்லி வாங்கியது. நீலம், உனக்கு எடுப்பாக இருக்கும் என்று ஓபல் சொன்னார், வாங்கிவிட்டார்.

போன செப்டம்பரில் எங்கள் நூலகத்தில் ஒரு சனிக்கிழமைக் காலையைப் பழைய கார்ட்டூன்களுக்காக ஒதுக்கினோம். பைஜாமாவில் வரலாம், கிண்ணம் கொண்டுவந்தால் பாலும் கார்ன்ஃப்ளேக்ஸும் நாங்கள் தருவோம், பிறகு திருமதி ஹென்ட்ரிக்ஸ் கேள்விகளுக்குப் பதில் சொல்வார் என்று அறிவித்தோம். கேள்விகளை முன்கூட்டியே அட்டையில் எழுதிப் போடச் சொல்லியிருந்தோம். அட்டைகளை எடுத்துக்கொண்டு ஓபலின் சமையலறைக்குப் போனேன்.

ஒவ்வொன்றாகப் படித்துக் கீழே வைத்தவர் ஒன்றை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டார். பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து லைல் ப்ரென்னர் என்பவர் எழுதியது. கப்பல் எரிகிற கதையில் கம்ஃபோர்டின் துண்டு நான்கு நொடி பச்சையாக மாறியதா இல்லையா?

"இத எடுத்துரு."

"ஏன்? மத்ததெல்லாம் உங்களுக்கு யாரைப் பிடிக்கும்னுதான் இருக்கு. இது ஒண்ணுதான் கேள்வி மாதிரி இருக்கு."

"அதான் எடுக்கச் சொல்றேன்." அட்டையைக் கவிழ்த்து வைத்தார். "மாறிச்சு. செலியா வருவால்ல?"

"முன் வரிசையில சீட்டு போட்டாச்சு."

காபியைக் கலக்கினார். அதில் சர்க்கரை போட்டிருக்கவில்லை. பிறகு சொன்னார். எழுபத்தாறு ஆகஸ்டு. ஏர்கூலர் பழுது. காலையிலிருந்து இன்னொரு கார்ட்டூனின் பேய் வீட்டுக்கு ஊதாத் திரைச்சீலை பூசிவிட்டு, மாலையில் கம்ஃபோர்டின் துண்டை எடுத்திருக்கிறார். பத்து மணி நேரம் ஊதாவைப் பார்த்த கண்ணுக்கு எதுவும் அதனதன் நிறத்தில் தெரியாது. அதற்காகவே வராந்தாவில் ஒரு சுவருக்குச் சாம்பல் அடித்து வைத்திருந்தார்கள். ஐந்து நிமிடம் அதைப் பார்த்துவிட்டு வந்தால் கண் தெளியும். ஓபல் அன்று சுவரைப் பார்க்கவில்லை. முதலைக்கு வைத்திருந்த பச்சையை எடுத்து நாற்பத்தெட்டுத் தாளுக்கும் பூசிவிட்டார். காய்ந்த பிறகுதான் தெரிந்தது. அந்த மாதம் அவர் தாள் இரண்டு முறை திரும்பி வந்திருந்தது. மூன்றாவது முறை திரும்பினால் ஏப்ரலில் போன் வராது. காமிராவுக்கு எடுத்துப் போகிறவன் வாசலில் நின்றான்.

"செலியா கண்டுபிடிச்சிட்டா," என்றார் ஓபல். "'இது பச்சையா தெரியுதே'ன்னு கூப்பிட்டுக் கேட்டா. 'மஞ்சள்தான், உன் கண்ணு களைச்சிருக்கு'ன்னேன். அந்த ரூம்லயே நல்ல கண்ணு எனக்குன்னு பேரு. கையெழுத்து போட்டுட்டா."

படம் ஒளிபரப்பானபோது செலியா வீட்டில் கறுப்பு வெள்ளைப் பெட்டி. மறு ஒளிபரப்புக்குள் அந்தக் காட்சியை மாற்றி எடுத்துவிட்டார்கள். ஏப்ரலில் போன் வராததால் செலியாவே மேலாளரைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "உன் கண்ணுக்கு ஓய்வு குடும்மா," என்றாராம். எது தப்பு என்று சொல்லவில்லை. மஞ்சளைப் பச்சை என்று பார்க்கிற கண் தனக்கு என்று செலியா முடிவு செய்துகொண்டார்.

"இப்பவாவது சொல்லிடலாமே?"

"எழுபத்தேழுல சொல்லியிருக்கணும். எழுபத்தெட்டுல சொன்னாலே லேட்டு. இப்ப சொன்னா அவ மாடிய விட்டு எறங்கி வர மாட்டா. எனக்கு அவளை விட்டா யாரு இருக்கா? நீ வியாழக்கிழமை மட்டும் வர்ற."

உண்மைதான். அட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

அட்டையை எடுத்துவிட முடிந்தது. லைல் ப்ரென்னரை எடுக்க முடியவில்லை. அவர் நேரிலேயே வந்துவிட்டார். நாற்பது நாற்காலிக்கு அறுபது பேர் வந்திருந்தார்கள், பெரும்பாலும் ஐம்பது வயது ஆண்கள், கோடு போட்ட பைஜாமாவில், மடியில் கிண்ணத்துடன். லைல் கழுத்தில் மஞ்சள் துண்டு. பக்கத்தில் அவருடைய அண்ணன் கிராண்ட், சாதாரண உடையில், தன்னை யாரோ கடத்தி வந்ததுபோல உட்கார்ந்திருந்தார். செலியா முன் வரிசையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கார்ன்ஃப்ளேக்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கடைசி அட்டை முடிந்ததும் லைல் எழுந்தார்.

"மேடம், நான் ஒரு அட்டை போட்டிருந்தேன். காணாமப் போயிடுச்சு போல."

"ஆரம்பிச்சிட்டான்," என்றார் கிராண்ட். "எங்கம்மா சாவுக்கு வந்தவங்ககிட்டயும் இதத்தான் கேட்டான்."

"எனக்கு அப்ப எட்டு வயசு, மேடம். கப்பல் எரியற கதை. இவனும் சின்னண்ணனும் கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பாக்குள்ள இருந்த பொம்மைக்காகச் சமையல்கட்டுல அடிச்சிக்கிட்டிருந்தாங்க. நான் மட்டும்தான் பாத்தேன். கம்ஃபோர்டு துண்டு பச்சையாச்சு. நாலு நொடி. நாப்பத்திமூணு வருஷமா எனக்கு வீட்ல பேரு 'பச்சை'. என் கல்யாணத்துல வாழ்த்துரையே அதான். எனக்கு ஆமா இல்லைன்னு ஒரு வார்த்தை போதும்."

ஒரு வார்த்தைதான். 'இல்லை' என்றால் முடிந்தது. அவரிடம் ஆதாரம் கிடையாது. முன்பு ஒருத்தியின் கண்ணைக் குறை சொன்னதுபோல இன்னொருவரின் கண்ணையும் குறை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

செலியா கரண்டியைக் கிண்ணத்துக்குள் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

ஓபல் மைக்கை வாயருகே கொண்டுவந்தார். அறையில் ஒரு கிழவர் பாலை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"பச்சைதான்," என்றார். "நாப்பத்தெட்டு தாள். நான்தான் பூசினேன். சரிபாக்கறவ பச்சையா தெரியுதேன்னு கேட்டா. மஞ்சள்னு நான்தான் சொன்னேன். அவ கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. என் கண்ணுதான் சரியில்ல."

அறை முழுக்கச் சிரித்தது. நல்ல நகைச்சுவை என்று நினைத்திருக்க வேண்டும். செலியா சிரிக்கவில்லை. கிண்ணத்தைப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். அதில் ஆள் உட்கார்ந்திருந்தார். அவர் வாங்கிக்கொண்டார்.

லைல் உட்கார்ந்தார். நாற்பத்துமூன்று வருடமாக வேண்டியது கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. கழுத்துத் துண்டை அவிழ்த்து நான்காக மடித்தார்.

"சரி," என்றார் கிராண்ட், "நெஜமாத்தான் பாத்திருக்க."

"ஆமா."

"நாலு நொடியா?"

"நாலு நொடி."

"சின்னண்ணனுக்குப் போன் பண்ணிச் சொல்லு," என்றார் கிராண்ட். சற்று யோசித்து, "நானே சொல்றேன்," என்றார்.

திரும்பும்போது ஓபல் முன்னால், செலியா பின்னால். இரண்டு தெரு நடக்கக்கூடிய தூரம்தான். வெயில் அதிகம் என்று காரில் வந்தோம். ஆலிவ் சாலைச் சிக்னலில் கார் நின்றது.

ஓபல் பழக்கத்தில், "செவப்பு," என்றார்.

"தெரியுது," என்றார் செலியா.

அந்தச் சிக்னல் கொஞ்சம் நீளமானது. கண்ணாடியில் பார்த்தேன். செலியா முன்னால் குனிந்து, இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே தலையை நீட்டி, கண் கொட்டாமல் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பச்சை," என்றார். "போம்மா."

போனேன். குடியிருப்பு வாசலில் நிறுத்தியபோது ஓபல் கதவைத் திறக்கவில்லை, முன் கண்ணாடியைப் பார்த்தபடி, "வியாழக்கிழமை வருவியா?" என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

செலியா தன் கையை நீட்டி ஸ்வெட்டரின் கைப்பகுதியை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத நீலம்னு சொல்லித்தான வாங்க வச்ச?"

"நீலம்தான், செலியா."

"கடையிலயே எனக்குச் சாம்பலாத்தான் பட்டுச்சு. நீ சொன்னியேன்னு வாயை மூடிட்டேன்."

"சத்தியமா நீலம்."

"சாம்பல்," என்றார் செலியா. இறங்கிக் கதவைச் சாத்தினார். பிறகு ஜன்னல் பக்கம் குனிந்தார். "வியாழக்கிழமை பத்து மணிக்குக் கீழ நிப்பேன். தக்காளிய நான் பொறுக்கறேன். நீ பைய மட்டும் பிடி."

படியேறிப் போனார். ஓபல் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆனால் எதுவும் கேட்கவில்லை.

ஸ்வெட்டர் நீலம்தான்.