சைகோனில் எங்களுக்குக் கண் பார்த்தவர்

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில், பிரெஞ்சுக்காரர் ஆண்ட வியட்நாமின் சைகோனிலிருந்த எங்கள் பள்ளிக்குக் கண் பரிசோதிக்க ஒருவர் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த புதுச்சேரிக்காரர், நெட்டை. ஒவ்வொரு பிள்ளையின் கண்ணையும் பொத்துமுன் "பர்தோன், பாப்பா" என்று மன்னிப்புக் கேட்பார்.

படிப்பு ஏறவில்லையென்று என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தவிருந்தார்கள். அவர் சுவரில் மாட்டிய எழுத்து அட்டையின் முதல் எழுத்தே எனக்குத் தெரியவில்லை.

"நீ மக்கு இல்லம்மா. உனக்குக் கரும்பலகையே தெரியல, அவ்வளவுதான்" என்றார். ஆசிரியையிடமும் பிரெஞ்சில் அதையே அழுத்திச் சொன்னார்.

கப்பல் வராததால் கடைகளில் மூக்குக்கண்ணாடி இல்லை. "கிட்டத்தட்ட என் பவர்தான்" என்று தம்முடையதைக் கழற்றி எனக்கு மாட்டி, நழுவாமல் நாடாவால் கட்டினார். பலகையில் எழுத்துகள் தெளிந்தன.

"உங்களுக்கு?" என்றேன்.

"அட்டை எனக்கு மனப்பாடம், பாப்பா."

சுவரைத் தடவியபடியே படியிறங்கிப் போனார்.

அந்தக் கண்ணாடியோடு இரண்டு வருஷம் படித்தேன். அவருக்கு வேறு கண்ணாடி எப்போது கிடைத்ததோ, இன்றுவரை தெரியவில்லை.