தண்ணீருக்குள் பிடியில்லா நடை

வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் கற்பிக்கும் உஷாந்திக்கு, முப்பது வயது தாண்டியபோது கால்கள் சொன்னபடி கேட்காமல் போகத் தொடங்கின. படியேறும்போது முழங்கால் மடிந்தது. கதிரையிலிருந்து எழும்ப மேசையைப் பிடிக்க வேண்டியிருந்தது. பரிசோதனைக்குப் போகுமுன்பே அவளுக்கு விடை தெரியும். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் மெல்ல மெல்லச் செயலிழக்கும் அந்தப் பரம்பரை நோய் அண்ணன் ராகுலனுக்கு ஏற்கெனவே வந்திருந்தது.

'உடம்பை அலட்டக் கூடாது' என்று யாரோ சொன்னதைக் கேட்டு அவன் கட்டிலோடு ஒடுங்கிவிட்டான். கிடந்த கிடையில் முழங்கால்கள் மடிந்தபடியே இறுகிப்போயின. அதைப் பார்த்துப் பயந்த உஷாந்தி நேர்மாறாகச் செய்தாள். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, தொடை நடுங்கும்வரை குந்தி எழும்பினாள், கைகள் சோரும்வரை பாரம் தூக்கினாள். ஒருநாள் குளியலறையில் விழுந்தாள். அதன்பின் சீப்பைத் தலைவரை உயர்த்தக்கூடக் கையில் பலமில்லை.

அப்போதுதான் பிசியோதெரபிஸ்ட் சுபோதினியிடம் போனாள்.

"களைச்சு விழுறதுக்குப் பேர் பயிற்சி இல்லை, டீச்சர்," என்றாள் சுபோதினி. "மிச்சம் இருக்கிற நரம்புகள் இப்பவே மற்றதுகளின்ர வேலையையும் சேர்த்துச் செய்யுது. அதுகளை வதைக்கவும் கூடாது, சும்மா விடவும் கூடாது."

"அப்ப அளவு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"செய்யேக்கை கதைக்க மூச்சு இருக்கோணும். அடுத்த நாள் காலமை உடம்பு அசதியா இருந்தா, நாங்கள் கூடச் செய்திட்டம் எண்டு அர்த்தம்."

தெஹிவளையில் ஒரு நீச்சல் தடாகத்துக்கு அவளைக் கூட்டிப்போனாள். நெஞ்சளவு தண்ணீரில் சிறிது தூரம் கைபிடித்து நடத்தி, பிறகு பிடியை விட்டாள். உடம்பின் பாரத்தைத் தண்ணீர் வாங்கிக்கொள்ள, உஷாந்தி எதையும் பிடிக்காமல் அடுத்த கரைவரை நடந்தாள். கரையோரக் கம்பியைப் பற்றியதும் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

வகுப்பை அவள் விடவில்லை. கணுக்காலுக்குத் தாங்கி போட்டுக்கொண்டு, உயரமான ஸ்டூலில் இருந்தபடி படிப்பித்தாள். ஆனால் வீட்டுக்கு வந்தால் அண்ணனின் மூடிய கதவு மனதை அரித்தது.

"ஒருக்கா வந்து பார், அண்ணா."

"இனி வந்து நான் நடக்கப் போறனோ?"

"நடக்க இல்லை. தண்ணிக்குள்ள கால் நோகாது. அதுக்காக எண்டாலும் வா."

ராகுலன் போர்வையை விலக்கி மடிந்த முழங்கால்களைப் பார்த்தான். பிறகு, "ஆர் என்னைத் தூக்கிறது?" என்று கேட்டான். அந்தக் கேள்வியே அவளுக்குப் போதுமாயிருந்தது.

அவன் நடக்கவில்லை. நோயும் போகவில்லை. ஆனால் தடாகத்தில் செய்த மாதக்கணக்கான பயிற்சியில் முழங்கால்கள் சற்று இளகின. நோகாமல் நிமிர்ந்து உட்கார முடிந்தது. இப்போது சனிக்கிழமைகளில் மின்சார சக்கர நாற்காலியில் அவனே சந்தைக்குப் போகிறான். மீன்காரனோடு சிங்களத்தில் வாதாடி, வீட்டில் ஒருவருக்கும் வெட்டத் தெரியாத மீனாகப் பார்த்து வாங்கி வருகிறான். உஷாந்தி ஏசிக்கொண்டே கத்தியைத் தேடுகிறாள்.