மல்லாந்து விழ மறுத்தவள்

அஞ்சலாட்சியின் வயிற்றெரிச்சலுக்குப் பெயர் கவிநிலா.

குருசுக்குப்பத்து மீன்காரி தில்லையம்மாளின் மகள் அஞ்சலாட்சி. அப்பாவோடு கரையில் வலை இழுத்து உரமேறிய தோள் அவளுக்கு. பள்ளியில் படிக்கும்போதே மல்யுத்தத்துக்கு வந்துவிட்டாள். புதுச்சேரியில் அவளுக்கு ஈடு கிடையாது என்றார்கள், லாஸ்பேட்டையிலிருந்து கவிநிலா வரும் வரைக்கும்.

கவிநிலா இரண்டு வயது சின்னவள், அரசாங்கக் குடியிருப்பில் வளர்ந்த குமாஸ்தா மகள். எடை மட்டும் இருவருக்கும் ஒன்று. ஒரு எடைக்கு ஒருத்தியைத்தான் தேசியப் போட்டிக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு வருடமும் தேர்வின் கடைசியில் மிஞ்சுவது இவர்கள் இருவரும்தான். ஒவ்வொரு வருடமும் அஞ்சலாட்சியின் இரண்டு தோள்களும் விரிப்பில் அழுந்தும், நடுவர் தரையைத் தட்டுவார். மல்யுத்தத்தில் முதுகு அழுந்தினால் எல்லாம் முடிந்தது.

மல்லாந்து கிடப்பவளின் கண்ணுக்கு நேர் மேலே கவிநிலாவின் முகம் தெரியும். பிறகு ஒரு கை நீளும்.

"எழுந்திரு, அக்கா."

அதில் ஏளனம் இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். ஆனால் அந்தக் குரலில் இருந்தது பாசம்!

பெரிய மார்க்கெட்டுக்குக் கவிநிலா மீன் வாங்க வந்தால், தில்லையம்மாள் பேரம் பேசாமல் வஞ்சிரத்தில் நடுத்துண்டாக எடுத்துக் கொடுப்பாள். ஏன் என்று மகள் ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"அந்தப் பொண்ணு மூஞ்சியில எப்பவும் ஒரு சிரிப்பு இருக்குதுடி. நீ இன்னான்னா, ஐஸுல வெச்ச சுறா மாதிரி மொறைச்சிக்கினே கெடக்குற."

அன்றைக்குச் சோற்றைப் பிசைந்ததோடு எழுந்துவிட்டாள் அஞ்சலாட்சி. பெற்ற தாயுமா அவள் பக்கம்?

கருவடிக்குப்பத்தில் ஒரு மோட்டார் கடையின் மாடியில் நெடுமாறன் மாஸ்டர் கம்பிக்கூண்டு போட்டு எம்.எம்.ஏ. சொல்லிக்கொடுத்தார். குத்தலாம், உதைக்கலாம், பிடித்துத் தள்ளலாம், கழுத்தை நெரிக்கலாம். தாங்க முடியாதவர் கையால் தட்டினால் தோல்வி. மல்யுத்தம் சலித்துவிட்டது என்று ஊருக்குச் சொல்லிவிட்டு அஞ்சலாட்சி அங்கே போய்ச் சேர்ந்தாள். உண்மை வேறு. அந்தக் கூண்டுக்குள் கவிநிலா இல்லை.

குத்து வாங்குவது அவளுக்குப் பெரிய கஷ்டமாக இல்லை. மல்லாந்து விழுவதுதான் கஷ்டம். மல்யுத்தக்காரி கீழே விழும்போதே குப்புறப் புரண்டுகொள்வாள், அது ரத்தத்தில் ஊறிய பழக்கம். இங்கே அப்படிப் புரண்டால் எதிராளி முதுகில் ஏறிக் கழுத்தைப் பிடித்துவிடுவாள். மல்லாந்து கிடந்தாலோ, சண்டை போட இரண்டு கால்கள் மிச்சம் இருக்கும். இது உடம்பில் இறங்க அவளுக்கு மாதக்கணக்கானது. இறங்கிய பிறகு அதுவே அவள் ஆயுதம். மல்லாந்தபடியே எதிராளியின் கழுத்தையும் ஒரு கையையும் தொடைகளுக்கு நடுவே பூட்டி இறுக்குவாள். கடலூரில் ஜெயித்தாள், சென்னையில் ஜெயித்தாள். கூண்டுக்குப் பக்கத்துச் சுவரில் அவள் படம் ஏறியது. முதல்முறையாக நிம்மதியாகத் தூங்கினாள்.

அந்த நிம்மதியும் ஒருநாள் படியேறி வந்த கவிநிலாவோடு போயிற்று.

"உன் வீடியோ பாத்துட்டுத்தான்க்கா வந்தேன். என்னையும் சேத்துக்க."

அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை மாஸ்டர் அஞ்சலாட்சியிடமே விட்டார். குத்தைச் சொல்லிக்கொடுத்தாள், உதையைச் சொல்லிக்கொடுத்தாள். வீடியோவில் அவள் பார்த்ததோடு சரி, அந்தக் கால்பூட்டை மட்டும் கண்ணிலேயே காட்டவில்லை. கவிநிலாவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் போதும், பூட்டியிருந்த ஆளை அப்படியே விட்டுவிட்டுக் கயிறு தாண்டப் போய்விடுவாள்.

அப்போதுதான் பெங்களூருப் போட்டிக்கு அழைப்பு வந்தது. அந்த எடையில் ஒரு பெண்ணுக்குத்தான் இடம். ஞாயிற்றுக்கிழமை இருவரும் மோதட்டும், ஜெயித்தவள் போகட்டும் என்றார் மாஸ்டர். அஞ்சலாட்சிக்கு அன்றிரவே காய்ச்சல் கண்டது. இங்கேயும் தோற்றால் அவள் போய் நிற்க வேறு இடமில்லை.

ஞாயிறன்று தில்லையம்மாள் மீன்கூடையைப் பக்கத்துக் கடையில் ஒப்படைத்துவிட்டு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் சுற்றில் கவிநிலா பாய்ந்து இடுப்பைப் பிடித்துச் சாய்த்தாள். சாயும்போதே குப்புறப் புரண்டாள் அஞ்சலாட்சி. முதுகில் ஏறியவளின் குத்துகள் காதோரம் இறங்கின. மணி அடித்துக் காப்பாற்றியது. இரண்டாம் சுற்றிலும் அதே கதை.

மாஸ்டர் தண்ணீர் கொடுத்தபடி குனிந்தார். "மத்தவங்ககிட்டல்லாம் மல்லாந்தே ஜெயிக்கிற. இவகிட்ட மட்டும் ஏன்மா கவுந்துக்கிற?"

அவள் தண்ணீரை வாங்கி வாயைக் கொப்பளித்தாள். அந்த முகத்தை மறுபடியும் கீழே கிடந்து பார்க்க வேண்டுமே, அதை எப்படிச் சொல்லுவாள்?

கடைசிச் சுற்று. மறுபடியும் கவிநிலாவின் கைகள் இடுப்பில் விழுந்தன. அஞ்சலாட்சி பல்லைக் கடித்தாள். முதுகைத் தரைக்குக் கொடுத்தாள். வருடா வருடம் பார்த்த அதே முகம் மேலே தொங்கியது. மகள் தோற்றாள் என்று எண்ணித் தில்லையம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த நொடியில் அஞ்சலாட்சியின் கால்கள் எழுந்தன. கழுத்தும் ஒரு கையும் சிக்கின. தொடைகள் இறுகின. இத்தனை வருடத்து எரிச்சலும் அந்த இறுக்கத்தில் இருந்தது. கவிநிலாவின் முகம் சிவந்தது. அவள் கை அஞ்சலாட்சியின் தொடையைத் தட்டியது.

ஜெயித்துவிட்டாள்! கூண்டுக்குள் ஓடிவந்த அம்மா மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆனால் மகளின் கண் எங்கே போயிற்று? பார்க்க வந்திருந்த கவிநிலாவின் அப்பா அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளோ கழுத்தைத் தடவியபடி சிரித்தாள். தோற்பதுகூட இவளுக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது!

மறுநாள் மாஸ்டர் அடுத்த செய்தியைச் சொன்னார். பெங்களூரில் எதிரே வரப்போவதும் ஒரு மல்யுத்தக்காரி. அந்தப் பூட்டை மல்யுத்தக்காரி ஒருத்தி மேல்தான் தினமும் போட்டுப் பழக வேண்டும். இந்த ஊரில் அந்த எடையில் வேறு யார் இருக்கிறார்கள்?

பயிற்சிக்குக் கவிநிலா முன்னதாகவே வந்து விரிப்பைத் துடைத்து வைத்திருந்தாள். அஞ்சலாட்சி பூட்டுப் போட்டாள், அவள் தட்டினாள். மறுபடியும் போட்டாள், மறுபடியும் தட்டினாள். வாரக் கடைசியில் கவிநிலா தோளை மடக்கி, இடுப்பைத் தூக்கி, பூட்டிலிருந்து தலையை உருவிக்கொண்டாள்.

"அக்கா, வெளிய வந்துட்டேன்!" சின்னப் பிள்ளைபோலக் கைதட்டினாள்.

அஞ்சலாட்சிக்கு அடிவயிறு பற்றி எரிந்தது. பெங்களூருக்கு இன்னும் நாள் இருந்தது. இவள் இல்லாமல் அங்கே ஜெயிக்கவும் முடியாது.

"இன்னொரு தடவை வாடி" என்றாள்.