செட்டில் ஆன வீடு

செட்டில் என்ற சொல்லை என்னைப்போல் வெறுத்தவர்கள் கொழும்பு வெள்ளவத்தையில் இருக்க மாட்டார்கள். இங்கே அது இல்லாமல் ஒரு சுகவிசாரிப்பும் நடக்காது. லிஃப்டுக்குள் கால் வைத்தால், எங்கள் நாலாம் மாடி வருவதற்குள் யாராவது கேட்டுவிடுவார்கள்: "மகள் செட்டிலோ?" வேலை, விசா, கலியாணம், வீடு எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடக்கம். "ஓம், மெல்பேர்ணிலை செட்டில்" என்று சொன்னால்தான் என்னை விடுவார்கள்.

என் கலியாணமும் அந்தச் சொல்லால்தான் நடந்தது. மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில், ஹாபரில் வேலை, ஆள் செட்டில் என்று அப்பாவிடம் சொன்னார்கள். அந்தச் செட்டிலான ஆளோடு கொட்டாஞ்சேனைக்குள்ளேயே வாடகை வீடு வாடகை வீடாக அலைந்தேன். வீட்டுக்காரர் தன் மகனுக்கு வீடு வேண்டும் என்பார். இல்லாவிட்டால் வாடகையைக் கூட்டுவார். ஒவ்வொரு வீட்டிலும் கோயில் மணி வேறொரு பக்கத்திலிருந்து கேட்கும். இவர் ஒருநாளும் முறுமுறுத்ததில்லை. சாமான் உடைந்து வந்துவிட்டது என்று சண்டைக்கு வரும் வியாபாரிகளைச் செட்டில் பண்ணி அனுப்புவதுதான் ஹாபரில் இவருடைய வேலை. பகலெல்லாம் அங்கே பேசிக் களைத்துவிட்டு வீட்டில் வாயே திறக்க மாட்டார். பெட்டியைக் கட்டச் சொன்னால் கட்டுவார்.

பென்ஷன் எடுத்த பிறகுதான் இந்த ஃப்ளாட்டை வாங்கினோம். இவர் ஜன்னலடியில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கையகலம் கடல் தெரியும், ரயில் போவதும் கேட்கும். இவருக்கு அது போதும். எனக்கோ வீடு மாறி மாறி அதுவே பழகிவிட்டது. ஒரே சுவரை இரண்டு வருஷம் பார்த்தால் எரிச்சல் வரும். கட்டிலை இந்தப் பக்கம் இழுப்பேன், அலுமாரியை அந்தப் பக்கம் தள்ளுவேன், ஒன்றும் இல்லாவிட்டால் கடைகள் நெருக்கும் காலி வீதியில் இறங்கி நடப்பேன்.

பக்கத்துக் காணியில் புது அடுக்குமாடிக்கு அத்திவாரக் கிடங்கு வெட்டத் தொடங்கினார்கள். இரும்பை நிலத்துக்குள் அடிக்கும் சத்தத்தில் தேத்தண்ணிக் கோப்பை மேசையில் நடுங்கியது. கொஞ்ச நாளில் எங்கள் படுக்கையறைச் சுவரில் ஒரு வெடிப்பு வந்தது. அவர்களுடைய எஞ்சினியர் வந்து பார்த்தார். சின்ன வயது, நல்ல பிள்ளை. "பய வென்ட எப்பா ஆன்ட்டி, பில்டிங் எக்க செட்டில் வெனவா" என்றார் சிங்களத்தில். பயப்படாதீர்கள், கட்டடம் செட்டில் ஆகிறதாம்! எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. வெடிப்புக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை வெள்ளைச் சிமெந்தால் ஒட்டிவிட்டு, சுவர் அசைந்தால் இது உடையும், உடைந்தால் உடனே கூப்பிடுங்கள், அதுவரை தொடவேண்டாம் என்று சொல்லிப் போனார்.

மகளுக்கு அப்போது வயிற்றில் நாலு மாதம். வீட்டை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு ஒரேயடியாகத் தன்னிடம் வரச்சொல்லி ஒவ்வொரு ஞாயிறும் ஃபோனில் கரைச்சல் கொடுத்தாள். நானும் இவரும் ஒரு முடிவுக்கு வந்தோம். கண்ணாடி உடைந்தால் வீட்டை விற்றுவிட்டுப் போவது, உடையாவிட்டால் இங்கேயே இருப்பது. நான்தான் சொன்னேன், இவர் வழக்கம்போலத் தலையாட்டினார். மகளுக்கும் அதையே சொல்லிவைத்தேன்.

அதற்குப் பிறகு காலையில் எழும்பியதும் முதலில் சுவரைத்தான் பார்ப்பேன். உடைஞ்சு துலையன் என்று அதோடு வாய்விட்டே கதைத்திருக்கிறேன். சொந்த வீடு பிளக்க வேண்டும் என்று காத்திருந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒரு ஞாயிறு முழங்கால் நோகிறதென்று இவர் பூசைக்கு வரவில்லை. நான் திரும்பி வந்து சேலை மாற்ற அறைக்குள் போனேன். பக்கத்து வேலைத்தலத்துத் தூசி எங்கள் வீட்டில் எல்லாவற்றிலும் படியும். தொடக்கூடாது என்றதால் அந்தக் கண்ணாடியை மட்டும் நான் துடைப்பதில்லை. அன்றைக்கு அது பளிச்சென்று இருந்தது. ஓரத்துச் சிமெந்தைத் தொட்டுப் பார்த்தேன், ஈரம். குப்பைவாளியில் பேப்பருக்குள் சுற்றியபடி பழைய கண்ணாடி கிடந்தது, இரண்டு துண்டாக.

கோபம் தலைக்கேறியது. நாலு கேள்வி கேட்கத்தான் ஹோலுக்குப் போனேன். இவர் கதிரையில் உட்கார்ந்து, கடலைப் பார்க்காமல், நான் வரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணெல்லாம் வெள்ளை. ஒரு பொய்யை ஒழுங்காகச் செய்யத் தெரியாத மனுஷன். இத்தனை வீடு மாறியபோதும், இங்கேயே இருப்போம் என்று ஒருநாள்கூட இவர் கேட்டதில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. கேட்கத் தெரியாமல் கண்ணாடி ஒட்டியிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மகளின் ஃபோன். "அம்மா, கண்ணாடி எப்பிடி?"

இவர் குனிந்துகொண்டார்.

"அப்பிடியே இருக்கு" என்றேன். "நாங்கள் வீட்டை விக்கேல்லை பிள்ளை. உனக்குப் பிள்ளை பிறக்கேக்கை நான் வந்து கொஞ்ச நாள் நிண்டிட்டு வாறன்."

ஃபோனை வைத்துவிட்டு இவர் பக்கம் திரும்பினேன். "இஞ்சேருங்கோ, நாளைக்கே அந்த எஞ்சினியரை வரச்சொல்லுங்கோ. இருக்கிறதெண்டால் சுவர் நிக்கோணும். கண்ணாடி ஒட்டுறது அந்த ஆளின்ரை வேலை."

"ஓம்" என்றார். பிறகு எழும்பிப் போய்க் கையைக் கழுவினார்.