எல்லாம் கேஸ்தான்

பசுமலையில் ஒரு நர்சிங் கல்லூரியில் இருபது வருடமாக உடற்கூறும் உடலியங்கியலும் நடத்துகிறேன். அந்தத் தகுதியில் அடித்துச் சொல்கிறேன், இந்த ஊரில் ஒருவருக்கும் தன் உடம்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. தினமும் தேய்த்துக் குளிப்பாட்டி, பவுடர் பூசி, வெளியே கூட்டிக்கொண்டு போகிற உடம்புதான். கல்லீரல் வலது பக்கமா இடது பக்கமா என்று கேட்டால் முழிப்பார்கள்.

இங்கே எந்த வலிக்கும் ஒரே பெயர்தான், கேஸ். முழங்கால் வலித்தால் கேஸ் இறங்கியிருக்கிறது. தலை சுற்றினால் கேஸ் ஏறியிருக்கிறது. கல்யாண வீட்டில் ஒருத்தர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், சுற்றி நிற்கிற பத்துப் பேரும் கேட்கிற முதல் கேள்வி, "நேத்து என்ன சாப்ட்டீக?" அடுத்த நிமிடம் எலுமிச்சை பிழிந்து உப்புப் போட்ட சோடா வந்துவிடும். அவர் ஒரு ஏப்பம் விட்டால் போதும், எல்லோரும் பந்திக்குப் போய்விடுவார்கள். வயிற்றில் இருக்கிற காற்று முழங்காலுக்கு எந்த வழியாகப் போகும் என்று ஒரு ஆள் யோசித்ததில்லை.

என் மாணவிகளும் சளைத்தவர்கள் இல்லை. இதயம் எங்கே இருக்கிறது என்றால் இடது மார்பில் கை வைப்பார்கள். நடு நெஞ்சில்தான் இருக்கிறது, நுனி மட்டும் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று வருடா வருடம் தொண்டை கிழியக் கத்துகிறேன். நோட்டில் எழுதிக்கொள்வார்கள். பரீட்சையில் கக்குவார்கள். வீட்டுக்குப் போய் அப்பாவுக்கு சோடா உடைத்துக் கொடுப்பார்கள்.

இந்த லட்சணத்தில் போன வருடம் என் கணவரின் அக்கா கண்புரை ஆபரேஷனுக்காக எழுமலையிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கினார். மதினிக்கு உடம்பு என்றால் மூன்றே பாகம், தலை, நெஞ்சு, வயிறு. கழுத்துக்குக் கீழே தொப்புள் வரைக்கும் நெஞ்சு, மிச்சமெல்லாம் வயிறு. வந்த அன்றைக்கே என்னிடம் கேட்டார்.

"கண்ண வெளிய எடுத்துக் கழுவித் திருப்பி வப்பாகளாமே. வேற ஆளு கண்ண மாத்தி வச்சுட்டாகன்னா?"

"கண்ணு என்ன பல்செட்டா மதினி, கழட்டி மாட்டுறதுக்கு?" என்றேன். கண்ணுக்குள்ளே லென்ஸ் மங்கிப்போயிருக்கிறது, அதை எடுத்துவிட்டு வேறு லென்ஸ் வைப்பார்கள் என்று பேப்பரில் படம் போட்டுக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "முட்டைய நல்லா வரைஞ்சிருக்க" என்றார். பேப்பரைக் கசக்கிக் குப்பையில் போட்டேன்.

ஆபரேஷன் முடிந்த பிறகு சொட்டு மருந்து ஊற்றுவது என் வேலையானது. ஒவ்வொரு தடவையும் திட்டிக்கொண்டேதான் ஊற்றினேன். கசக்காதீங்க என்றால் கை தானாகக் கண்ணுக்குப் போகும். தண்ணீர் படக்கூடாது என்றால் ஈரத் துண்டை எடுத்து முகத்தைத் துடைப்பார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது வாங்கிக் கட்டிக்கொண்டார். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்வார்.

ஆறாம் நாள் புதன்கிழமை. எனக்குத் தோள்பட்டை இரண்டுக்கும் நடுவில் ஒரு வலி வந்தது. தாடை கடுத்தது. கல்லூரியில் மாடியேறும்போது வாந்தி வருகிற மாதிரி இருந்தது. நான் என்ன செய்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. கேன்டீனுக்குப் போய் எலுமிச்சை சோடா குடித்தேன், உப்புப் போட்டு. ஏப்பம் வந்ததும் சரியாகிவிட்டது என்று வகுப்புக்குப் போனேன்.

அதற்கு முந்தின வாரம்தான் மாரடைப்பு நடத்தியிருந்தேன். இதயத்து வலியைக் கொண்டுபோகிற நரம்பும் தோள், தாடைப் பக்கத்து நரம்பும் ஒரே வழியில் போய்ச் சேர்வதால் மூளைக்கு இடம் குழம்பிவிடும், அதிலும் பெண்களுக்கு நெஞ்சு வலி இல்லாமலேகூட வரலாம் என்று போர்டில் அம்புக்குறி போட்டு விளக்கியவள் நான்தான். அதெல்லாம் ஊரில் இருக்கிறவர்களுக்கு வருவது, எனக்கு எப்படி வரும் என்ற திமிர். வியாழக்கிழமையும் சோடா குடித்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கணவர் உசிலம்பட்டி ஆபீசுக்குப் போய்விட்டார். தோசை ஊற்றிக்கொண்டிருந்தவள், நிற்க முடியாமல் அடுப்பை அணைத்துவிட்டு அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மதினி வந்து நின்றார்.

"கிளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"கேஸ்தான் மதினி. காலேஜுக்கு நேரமாச்சு."

மதினி திரும்பி வாசலுக்கு நடந்தார். வெளியே போகக்கூடாது என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்ட அந்தக் கண்ணோடு, சுவரைத் தடவித் தடவிப் படியிறங்கித் தெருவில் ஒரு ஆட்டோவை நிறுத்தி, டிரைவரையும் மாடிக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் இருந்த சின்ன வயசு டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார், "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" எம்.பி.பி.எஸ். படித்த வாயிலும் அதே கேள்வி. இட்லி என்று சொல்ல வாயெடுத்தேன். மதினி என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்.

"சாப்பாட்ட விடுங்க தம்பி. மூணு நாளா இவ கொண்ட போடக் கையத் தூக்கல. நாலு படி ஏறுனா ஒரு தடவ நிக்கிறா. பேசுறப்ப தாடையப் பிடிச்சுக்கிறா. இன்னைக்குக் காலையில ஃபேன் ஓடுது, இவளுக்கு ஜாக்கெட்டு நனைய வேர்த்துருக்கு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். இருபது வருடத்தில் என் மாணவி ஒருத்திகூட இவ்வளவு சுத்தமாக நோய்க்குறி சொன்னதில்லை.

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் ஒன்றில் அடைப்பு. மணிக்கட்டு வழியாகக் கம்பி விட்டு, ஸ்டென்ட் வைத்துத் திறந்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் பிழைத்திருப்பது சந்தேகம் என்று பெரிய டாக்டர் சொன்னார்.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் மதினி கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கேஸ் இல்லைன்னு உங்களுக்கு எப்பிடி மதினி தெரிஞ்சுச்சு?"

"எனக்கு என்னத்தத் தெரியும்? புதன்கிழம நீ மருந்து ஊத்துறப்ப தெரியாமக் கண்ணக் கசக்கிட்டேன். நீ ஒண்ணுஞ் சொல்லல. மறுநாள் வேணும்னே கசக்குனேன். அப்பவும் நீ திட்டல. அதான் பயந்துட்டேன்."