படுதா மேல் உட்காரவைத்த கல்யாணம்

வெயிலில் காய்ந்த பழைய கான்வாஸுக்கு ஒரு வாடை உண்டு... மண்ணெண்ணெய், எலிப்புழுக்கை, போன வருஷத்து மழை எல்லாம் கலந்தது. என் கல்யாணத்தன்று தலை நிறையப் பிச்சிப்பூ வைத்திருந்தும் மூக்கில் ஏறியது அந்த வாடைதான்.

எழுபதுகளின் கடைசி. போடியில் கல்யாணம். புகுந்த வீடு போடிமெட்டுக்கு மேலே, ஏலத்தோட்டத்தில். பந்தி முடிந்து வெளியே வந்தால் மண்டப வாசலில் ஓப்பன் கார்! என் நாத்தனார் புருஷன் யாரோ எஸ்டேட்காரரிடம் வாங்கிய பழைய வண்டி. மேலே தகரக் கூரை கிடையாது. இரும்பு வளைவுகளில் தைத்த படுதாதான் கூரை. வேண்டாதபோது அதைப் பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் மடித்து வைக்க வேண்டும்.

அந்தப் பள்ளத்துக்குள் மனுஷன் என் சீர்ப் பாத்திரங்களை அடைத்து வைத்திருந்தார். அண்டா, குடம், குத்துவிளக்கு... படுதா உள்ளே இறங்க இடமில்லாமல் மேலே மூட்டையாக நின்றது. அதன் மேல் ஜமுக்காளத்தை விரித்து மாப்பிள்ளையையும் என்னையும் ஏறி உட்காரச் சொன்னார். கால் மட்டும் சீட்டில். பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூட இல்லை.

எனக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைத்தார்கள். என் அப்பா தேவாரம் ஊரில் ஜீப் வைத்திருந்தவர். அந்த ஜீப்புக்குப் படுதாவை ஏற்றுவதும் மடிப்பதும் வீட்டில் என் வேலை. வண்டி ஓடும்போது படுதாவைத் தொடவே கூடாது. ஏற்றினால் முன்கண்ணாடி மேல் இருக்கும் கொக்கிகளை மாட்டிய பிறகுதான் நகர வேண்டும், இல்லையென்றால் காற்று பிய்த்துவிடும். மடித்த படுதா மேல் அரிசி மூட்டைகூட வைக்கக் கூடாது... அத்தனையும் தெரியும். ஆனால் கல்யாணப் பெண் வாயைத் திறக்கலாமா? குனிந்த தலை நிமிரக் கூடாதே!

அப்பா மட்டும் மெல்லச் சொன்னார். "தம்பி, அது மேல ஆளு உக்காரக் கூடாதுப்பா. சீட்டுல உக்காரட்டும்."

"என்ன பெரியவரே, ஊரு பாக்க வேணாமா? கூடைக்குள்ள கோழிய வச்ச மாதிரியா கொண்டுட்டுப் போறது?" என்றார் நாத்தனார் புருஷன். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா கையைக் கூப்பிக்கொண்டு ஒதுங்கிவிட்டார்.

போடித் தெருக்களில் வண்டி ஊர்ந்துதான் போனது, ஒன்றும் ஆகவில்லை. ஊர் தாண்டியதும் என் வீட்டுக்காரரிடம் மெதுவாகக் கேட்டேன். "கீழ உக்காந்துக்கிறேங்க... பயமா இருக்கு."

"மச்சான் கோச்சுக்குவாரு. முந்தல்லயும் ஆளுக நிப்பாக. அதுவரைக்கும் பேசாம இரு."

மலையடிவாரத்து முந்தலும் தாண்டியது. மலை ஏறியது. யாரும் இறங்கச் சொல்லவில்லை. வளைவுகளில் வண்டி திரும்பும்போதெல்லாம் ஜமுக்காளத்தோடு சேர்ந்து வழுக்கினேன். அப்போதுதான் மேலேயிருந்து மழை இறங்கியது.

"படுதாவ இழு, வெரசா இழு!" என்று ஓட்டிக்கொண்டே கத்தினார் அந்த மனுஷன். பிரேக்கில் கால் வைத்தாரா? இல்லை. நிறுத்தினால் அவர் கௌரவம் குறைந்துவிடும் போல! என் வீட்டுக்காரர் சீட்டில் குதித்து, "எந்திரி, எந்திரி" என்று என்னை நிற்கவைத்துவிட்டுப் படுதாவை இழுத்தார். அது பாத்திரங்களில் சிக்கிப் பாதிதான் எழுந்தது. எழுந்த பாதிக்குள் காற்று புகுந்தது. இரும்பு வளைவு விசிறி என் தோளில் அடித்தது. அதே நேரம் வண்டி வளைவில் திரும்பியது.

நான் ரோட்டில் கிடந்தேன். பட்டுச்சேலை, நகை, மாலையோடு. வலது மணிக்கட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. பள்ளத்துப் பக்கம் விழாமல் மலைப் பக்கம் விழுந்ததால் இன்று இதை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

இறங்கி வந்த நாத்தனார் புருஷன் முதலில் என்ன பார்த்தார் தெரியுமா? அந்த இரும்பு வளைவை! "அய்யய்யோ, கம்பி கோணிப்போச்சே" என்றார்.

கட்டுப் போட்டுக்கொண்டு போய்ப் புகுந்த வீட்டு வாசலில் நின்றேன். ஆரத்தித் தட்டோடு வந்த மாமியார் என் கையைப் பார்த்தார். "வலது கால வைக்கிறதுக்கு முன்னயே வலது கைய ஒடிச்சுக்கிட்டு வந்திருக்கா. என்ன ராசியோ..."

ராசியாம்! அதற்குப் பிறகு ஏலக்காய் விலை இறங்கினால் என் ராசி. மாடு கன்று போட்டுச் செத்தால் என் ராசி. வண்டியை நிறுத்தாத அந்த மனுஷனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எண்பதுகள் முழுக்க அவர் அதே காரில் மற்ற வீட்டுக் கல்யாணப் பெண்களையும் படுதா மேல் ஏற்றி ஊர்வலம் போனார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. எந்த மன்னிப்பும் கிடையாது.

இப்போது படுதா கார்கள் இல்லை. அதற்குப் பதில் கூரையில் ஓட்டை வைத்த கார்கள். போன மாதம் என் கொழுந்தன் மகன் கல்யாணம். மண்டப வாசலில் பொண்ணும் மாப்பிள்ளையும் அந்த ஓட்டை வழியாக இடுப்பளவு வெளியே நிற்கிறார்கள். மேலே கேமரா பறக்கிறது. அப்படியே மலை ஏறப் போகிறார்களாம்! வீடியோ நன்றாக வருமாம்.

பக்கத்தில் போய் அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். "பயமா இல்லையா ஆத்தா?"

சிரித்த முகம் மாறாமல் குனிந்து, மெல்லச் சொன்னாள். "பயமாத்தான் இருக்கு பெரியத்தை... சொன்னா மூஞ்சியத் தூக்கிக்குவாங்க."

இத்தனை வருஷம் கழித்தும் அதே பதில்.

நேராகப் போய் வண்டிக்கு முன்னால் நின்றேன். ஹாரன் அடித்தார்கள். "பெரியம்மா, நல்ல நேரம் போகுது" என்றான் மாப்பிள்ளை. "கெழவிக்கு நல்ல நாள்லயும் கிறுக்கு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. சொல்லட்டும்.

அவள் கீழே இறங்கி, சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டும் வரைக்கும் நான் நகரவில்லை.

என் அப்பா செய்திருக்க வேண்டியது இவ்வளவுதான்.