கேன் தண்ணீரில் வந்த நுரை

அன்று என் கணவரின் நாக்கில் கசந்தது, நான் தாடைக்கடியில் மழிக்காமல் விட்ட முடியாலா, அவர் இறுக்கிக் கட்டாத முகமூடி வாராலா? மூன்று மாதம் ஆகிறது. பாத்திரம் தேய்க்கும்போதும் குழந்தையைத் தூங்கவைக்கும்போதும் இதையே புரட்டிக்கொண்டிருக்கிறேன். விடை கிடைக்கவில்லை.

கசப்பு என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். அவருக்கு மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. வாயு கசிந்தால் உடனே மாட்டிக்கொள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு முகமூடி உண்டு. அதன் ரப்பர் விளிம்பு கன்னத்திலும் தாடைக்கடியிலும் இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். ஒரு நாள் தாடி இருந்தாலும் ஒட்டாது. அதனால் அன்று காலையில் மழித்த முகத்தோடுதான் உள்ளே போக வேண்டும். அவ்வப்போது சோதனையும் வைப்பார்கள். முகமூடி மாட்டியவரின் தலைமேல் ஒரு பிளாஸ்டிக் கூட்டைக் கவிழ்த்து, அதற்குள் கசப்பான திரவம் ஒன்றைப் பீய்ச்சுவார்களாம். நாக்கில் கசந்தால் எங்கோ காற்று நுழைகிறது என்று அர்த்தம். தேறும்வரை வாசல் அறையைத் தாண்ட முடியாது.

போன மழைக்காலத்தில் எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிக்கு ஒதுங்கப் போய் அவருடைய பைக் சறுக்கியது. வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. தாடி வளர்ந்தது. எட்டு மாதக் குழந்தையான எங்கள் மகள் அதைப் பிடித்து இழுத்து விளையாடினாள். கட்டைப் பிரித்த பிறகு, கனம் தூக்காத வேலை மட்டும் செய்யலாம் என்றார் டாக்டர். செவ்வாய்க்கிழமை காலை வரச் சொல்லித் தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது. வந்ததும் முதலில் முகமூடிச் சோதனை என்றார்கள்.

திங்கள் மாலை சலூனில் தாடியை எடுத்துக்கொண்டு வந்தார். ஆனால் அவருடைய கன்னம் விடிவதற்குள் உப்புத்தாளாகிவிடும். கம்பெனி பஸ் திருவொற்றியூரில் எங்கள் தெருமுனைக்கு வருவது ஆறேகாலுக்கு. அந்த நேரத்துக்கு எந்தச் சலூனும் திறக்காது. செவ்வாய்க்கிழமை திறக்கவே மாட்டார்கள். அவருடைய வலது கை ஸ்பூனைக்கூட நிதானமாகப் பிடிக்கவில்லை. நான் செய்துவிடுகிறேன் என்று சொன்னது நான்தான். ஏன் சொன்னேன் என்று அன்று இரவே பயம் வந்துவிட்டது.

குப்பியை அழுத்தினால் வரும் நுரை அவருக்கு ஒத்துக்கொள்ளாது, கழுத்தெல்லாம் சிவப்பாகப் பொரிந்துவிடும். அதனால் பிரஷ்ஷும் வட்ட சோப்பும்தான். காலையில் போர் தண்ணீரைச் சுடவைத்து, பிரஷ்ஷை நனைத்து, சோப்பின்மேல் சுற்றினேன். பெரிய பெரிய குமிழிகள் வந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே உடைந்தன. கிண்ண ஓரத்தில் சாம்பல் நிறத்தில் திப்பி ஒட்டியது. தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் ஊற்றினேன். நீர்த்துப்போய்க் கழுத்தில் வழிந்தது. சோப்பு போதவில்லையோ என்று இன்னும் தேய்த்தேன். கன்னத்தில் தடவி முடித்துத் தாடைக்கு வருவதற்குள் காதோரம் காய்ந்துவிட்டது.

"இன்னாடி, மூஞ்சிக்கு நுரை போடுறியா, செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறியா?" என்றார்.

"பேசாதீங்க, கன்னம் அசையுது."

வாசல் கதவு திறந்திருந்தது. எதிர்வீட்டு அக்கா பால் பாக்கெட்டோடு எட்டிப் பார்த்தார். அவருடைய கணவர் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லாரி ஓட்டுபவர், முரட்டு மீசைக்காரர்.

"இன்னா கண்ணு, காலங்காத்தால வூட்டுலயே சலூன் தொறந்துட்டியா? எங்காளையும் அனுப்பி வுடுறேன். மீசைய மட்டும் வுட்டுட்டு மிச்சத்த வழிச்சு வுடு."

"யக்கா, சிரிக்க வெக்காத. ரேசரு கழுத்துல கீது" என்றார் என் கணவர்.

"சிரிச்சா இன்னா, போறது உன் கழுத்துதான? ஆனா செவ்வாக்கெயம அதுவுமா கத்திய எடுத்துக்கினு... சரி வுடு, நான் ஒண்ணியும் சொல்லல."

சொல்லிவிட்டுத்தான் போனார். எனக்குக் கிழமையில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கை ஒரு கணம் நின்றது. மணி ஐந்தே முக்கால் ஆகியிருந்தது. காய்ந்த நுரையில் ரேசர் வழுக்காமல் இழுத்தது. வெட்டிவிடுவேனோ என்று தாடைக்கடியில் லேசாக மட்டும் இழுத்துவிட்டு, துண்டால் துடைத்து அனுப்பினேன்.

பதினோரு மணிக்குத் திரும்பி வந்தார். வாசலிலேயே, "கசந்துச்சு" என்றார். வியாழக்கிழமை மறுபடியும் சோதனையாம்.

அவரை ஜன்னலோரம் நிறுத்தித் தடவிப் பார்த்தேன். இடது தாடைக்கடியில் புளியங்கொட்டை அளவுக்குச் சொரசொரவென்று ஒரு இடம் அப்படியே இருந்தது. "என்னாலதான்" என்றேன். "அதெல்லாம் இல்ல. வாரை இழுக்கும்போது கை வலிச்சுது. கொஞ்சம் லூஸா வுட்டுட்டேன்னு நெனைக்கிறேன்" என்றார். அது உண்மையா, எனக்காகச் சொன்னதா, தெரியவில்லை. சோதனையாக இல்லாமல் அன்று நிஜமாகவே வாயு கசிந்திருந்தால் என்று யோசித்தேன்.

புதன்கிழமை மதியம் மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் மூன்று வகைத் தண்ணீர். குளிக்கவும் துவைக்கவும் போர் தண்ணீர், வாயில் வைத்தால் உப்பு. சமையலுக்கு, குடிநீர் வாரியம் விட்டால் அடிபம்பில் வரும் மெட்ரோ தண்ணீர். குழந்தையின் பாலுக்கும் கஞ்சிக்கும் கேன் தண்ணீர். போர் தண்ணீரில் சோப்பு திரிந்துபோகும் என்பதால் மகளின் தலையைக் கடைசியில் ஒரு சொம்பு மெட்ரோ தண்ணீரால் அலசுவேன். தண்ணீர் இருக்கும் நாளெல்லாம் செய்கிற காரியம். அவள் தொட்டியில் மிதந்த அதே சாம்பல் திப்பியைத்தான் முந்தின நாள் கிண்ண ஓரத்தில் பார்த்தேன். நான் கல்லூரியில் வேதியியல் படித்தவள். தண்ணீரின் கடினத்தன்மையை அளக்கும் பரிசோதனையை எத்தனையோ முறை செய்திருக்கிறேன். ஆனால் தாடிக்கும் நல்ல தண்ணீர் வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். ஆச்சரியப்படவில்லை.

"தெரியும். கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் உன் கொடத்துல இருந்து ஒரு டம்ளர் எடுத்துக்கினுதான் ஷேவ் பண்றேன். நீ கூட கொடம் கொறையுதுன்னு எதிர்வூட்டக்காவ சந்தேகப்பட்டியே."

"அப்ப நேத்து ஏன் சொல்லல?"

"நேத்து கொடம் காலி. மெட்ரோ வந்து மூணு நாளாச்சு. கேன்லதான் கொஞ்சம் இருந்துச்சு. கொயந்தைக்கு வெச்ச தண்ணிய எடுத்து மூஞ்சில பூசிக்கச் சொல்றியா?"

எனக்கு வந்தது கோபமா, வேறு ஏதாவதா, அதையும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வியாழக்கிழமையும் மெட்ரோ வரவில்லை. கேனின் அடியில் மூன்று டம்ளர் இருக்கும். இரண்டைப் பாலுக்கு எடுத்து வைத்துவிட்டு, ஒன்றை அவர் குளித்துக்கொண்டிருந்தபோதே சுடவைத்தேன். பிரஷ்ஷை ஊறவிட்டு, இரண்டு உதறு உதறி, சோப்பின்மேல் அழுத்தாமல் சுற்றினேன். முதலில் பசைபோல்தான் வந்தது. உளுந்து அரைக்கும்போது தெளிப்பதுபோல் விரல் நுனியால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு மறுபடியும் சுற்றினேன். குமிழிகள் சிறுத்துக்கொண்டே வந்து கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் போயின. பளபளவென்று, பிரஷ்ஷைத் தூக்கினால் முனை வளைந்து நின்றது. போதும் என்று தோன்றியது. உடனே, இதுவும் அதிகமோ என்றும் தோன்றியது.

முடி வளைந்து படியாமல் எழுந்து நிற்கட்டும் என்று முகத்தில் வட்டவட்டமாகத் தேய்த்தேன். காதோரம் காயவில்லை. ரேசர் சத்தமே இல்லாமல் வழுக்கியது. தாடைக்கடியில் மட்டும் இரண்டாவது முறை நுரை போட்டு, இடது கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு மழித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "எந்தத் தண்ணி?" என்றார். "பேசாதீங்க" என்றேன்.

அன்று கசக்கவில்லை. மாலையில் பஸ் ஏறும் முன், வாசல் அறையில் கொடுத்துவைத்திருந்த போனை வாங்கி, ஒரே ஒரு வார்த்தை அனுப்பியிருந்தார்: பாஸ்.

இப்போது ஒரு மாதமாக அவரே மழித்துக்கொள்கிறார். கையில் மெல்லிய நடுக்கம் இன்னும் இருக்கிறது. ரேசரை நான் வாங்கப் போனால் தரமாட்டேன் என்கிறார். பெரும்பாலான நாள் சுத்தமாகத்தான் இருக்கிறது. சில நாள், ஷூ மாட்டிவிட்டுத் தலையை நிமிர்த்தும்போது, தாடைக்கடியில் விட்டுப்போன முடி என் கண்ணில் படுகிறது. ஒரு முறை சொன்னேன். முகம் வாடிப்போய்க் கண்ணாடிக்குப் போனார். அவசரத்தில் அந்த இடத்திலேயே வெட்டிக்கொண்டார். காயத்தின்மேல் முகமூடி அழுந்தி இரண்டு நாள் எரிந்தது.

அடுத்த முறை பார்த்தும் சொல்லவில்லை. அன்று மதியம் காற்று மணலிப் பக்கமிருந்து திரும்பி, தெருவெல்லாம் மூக்கை எரிக்கும் நெடி. உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது என்று தெரிந்தும் ஒன்பது முறை அழைத்தேன். மாலையில் வழக்கம்போல வந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "இன்னாத்துக்கு இத்தினி தபா போன் அடிச்ச?" என்று கேட்டார். சும்மா என்றேன்.

இதைப் படிக்கிறவர்களில் கை முறிந்து குணமானவர்களோ, அப்படி ஒருவரோடு வாழ்கிறவர்களோ இருந்தால் எனக்கு எழுதுங்கள். அவர் மனம் சுருங்காமல் இதை எப்படிச் சொல்வது? சொல்லாமலேயே, விட்டுப்போன இடத்தை அவரே விரலால் கண்டுபிடித்துக்கொள்ள ஏதாவது வழி இருக்கிறதா? அல்லது அவர் கோபித்தாலும் பரவாயில்லை என்று தினமும் நானே தடவிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டுமா? உங்கள் வீட்டில் என்ன செய்திருப்பீர்களோ, அதைச் சொன்னால் போதும்.